புகாரில்லாத சந்தாதாரர்

கிறிஸ்துராஜ் வீட்டுத் தொலைபேசி செத்துப்போனது ஆடிக் காற்றில். அதற்கு விருது கிடைத்தது புரட்டாசியில். நடுவில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அப்படியே நடந்தது.

கிறிஸ்துராஜ் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். திருமுல்லைவாயிலில் ஓட்டு வீடு. போனுக்கு மனுப் போட்டபோது மகன் சத்தியராஜ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மனு கனிந்து போன் வந்தபோது அவன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். வந்த அன்று பங்குச் சாமியார் ஜெபம் செய்தார். மனைவி ஞானசௌந்தரி ரோஜாப்பூ போட்ட உறை ஒன்று பின்னி அதற்கு மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் அன்று மகன் கூப்பிடுவான். "சாப்டியா?" என்று இவள் கேட்பாள். "நீ சாப்டியா?" என்று அவன் கேட்பான். இதற்கு மேல் இரண்டு பேரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க வீட்டில் வெளிச்சம் இருக்கும்.

ஆடிக் காற்றில் ஒரு முருங்கைக் கிளை ஒயர்மேல் விழுந்தது. போன் ஊமையானது. அடுத்த வாரமே ஈராக்கின் படை குவைத்துக்குள் நுழைந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. அதோடு தபால் நின்றது. குவைத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஞானசௌந்தரி போனுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டாள். அடுப்படிக்குப் போனாலும் ஒரு காது கூடத்தில் இருக்கும். சத்தமே வராத கருவியை அப்படிக் காவல் காத்த இன்னொரு பெண்பிள்ளை தமிழ்நாட்டில் இருந்திருக்க மாட்டாள்.

கிறிஸ்துராஜ் லீவு போட்டுவிட்டு அம்பத்தூரில் இருந்த தொலைபேசி அலுவலகத்துக்குப் போனார். புகார்ப் பிரிவில் லோகநாதன் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். எதிரே மேஜையில் ஆறு போன்கள்.

"போன் வேலை செய்யல சார்."

"புகார் எண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க."

"போன்தான் சார் வேலை செய்யல."

"அதைத்தான் போன் பண்ணிச் சொல்லணும்."

"நேர்லயே வந்துட்டேனே சார். என் பையன் குவைத்துல கீறான். உயிரோட கீறானா இல்லியான்னு கூடத் தெரியல."

லோகநாதன் பொறுமைசாலி. பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார். "நேர்ல யார் வேணா வரலாம். உங்களைப் பார்த்தா அந்தப் போனுக்குச் சொந்தக்காரர் மாதிரியா இருக்கு? போன்ல பேசினா எந்த லைன்லேர்ந்து வருதுன்னு எங்களுக்கே தெரிஞ்சிடும். அதுல பொய் சொல்ல முடியாது. உங்க நன்மைக்காக ஏற்படுத்தின முறை இது."

சரி என்று வெளியே வந்த கிறிஸ்துராஜ், தெருமுனையில் மருந்துக் கடை வைத்திருந்த சுலைமானின் கடைப் போனிலிருந்து புகார் சொன்னார். எந்த எண் பழுது, எந்தத் தெரு, எந்த வீடு என்று எல்லாம் விவரமாகச் சொன்னார். மறுபக்கம் ஒரு பெண் குரல் நன்றி சொன்னது. இலாகா என்னவோ மோசம் இல்லை என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

மறுநாளே ஏணியோடு ஆட்கள் வந்தார்கள். சுலைமான் கடை எதிரே கம்பத்தில் ஏறினார்கள். புகார் வந்த லைன் அதுதானே? அரைமணி நேரம் எதையோ திருகினார்கள், முறுக்கினார்கள், பழுது நீக்கியாயிற்று என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து சுலைமான் போனும் ஊமை.

"அண்ணாத்தே, ஒம் புள்ளைக்காக அஞ்சு வேளையும் துவா செய்றேன்" என்றார் சுலைமான், கல்லாவில் கையூன்றிக்கொண்டு. "ஆனா இனிமே என் கடைப் போனு பக்கம் தலைவெச்சுப் படுக்காதே. உன் கை பட்டா போனு மையத்து ஆயிடுது."

இந்தச் செய்தி திருமுல்லைவாயில் முழுக்கப் போன் இல்லாமலே பரவியது. கிறிஸ்துராஜ் தெருவில் வந்தால் பால் டிப்போக்காரர் போன்மேல் துண்டைப் போட்டு மூடினார். அரிசி மண்டிக்காரர் போனை எடுத்து மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஒருவேளை மகன் தந்தி அடித்திருப்பானோ என்று தந்தி கவுன்டருக்கும் போய்ப் பார்த்தார்.

"போன் இருக்கிற வீடுகளுக்குத் தந்தியைப் போன்லயே படிச்சிடுவோம்" என்றார் அங்கிருந்தவர். "உங்களுக்குப் போன் இருக்கு."

"எனக்கு ஏதாச்சும் வந்துச்சா சார்?"

"வந்திருந்தா படிச்சிருப்போம். படிச்சிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியலைன்னா வரலைன்னு அர்த்தம்."

கிறிஸ்துராஜ் ரொம்ப நேரம் அந்த கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே ஓட்டை என்று பார்த்தார். ஓட்டையே இல்லை. உருக்கில் வார்த்த பதில்.

கடைசியில் கோட்ட அதிகாரியையே பார்த்துவிடுவது என்று போனார். கோட்ட அதிகாரி பக்தவத்சலத்தை வாயிலில் காத்திருந்து பார்க்க வேண்டும். அவர் அப்போது தகவல் தொடர்பு வார விழாவுக்கு உரை தயாரித்துக்கொண்டிருந்தார். தலைப்பு: 'நாட்டின் வரலாற்றிலும் பண்பாட்டிலும் தகவல் தொடர்பின் பங்கு'. ஸ்டெனோ ஜெகதாம்பாள் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. பொதுமக்களா? நல்லதாப் போச்சு. உட்காருங்க" என்றார் பக்தவத்சலம். அவர் இத்தனை அன்பாகப் பேசியதில் கிறிஸ்துராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு பாராவைப் படிக்கிறேன். கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்று மன்னர் ஓலை அனுப்பினார். ஓலையைச் சுமந்த தூதன் காட்டில் புலிக்கு இரையானான். புறா அனுப்பினார். புறாவைப் பருந்து தூக்கிச் சென்றது. இன்று தூதனும் இல்லை, புறாவும் இல்லை. யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. செய்தி போய்ச் சேரவில்லை என்று ஓர் உயிர் கூடப் பலியாவதில்லை. இதுவே நம் இலாகாவின் சாதனை!"

"சார், என் பையன் குவைத்துல..."

"குவைத்!" பக்தவத்சலம் மேஜையைத் தட்டினார். "அருமையான பாயின்ட். எழுதிக்கம்மா. கடல் கடந்த தமிழரும் தகவல் தொடர்பும். தனிப் பாராவாவே போடு. வேற ஏதாவது தோணுதா சார் உங்களுக்கு?"

"போன் செத்துக் கெடக்குது சார். அவன் அம்மா, எம் பொஞ்சாதி... சோறு தின்ன மாட்டேங்குறா."

"தாய்மை!" என்றார் பக்தவத்சலம். ஜெகதாம்பாள் அதையும் எழுதிக்கொண்டார். நல்ல பாயின்ட் கொடுத்ததற்காகக் கிறிஸ்துராஜுக்கு டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று உத்தரவும் வந்தது.

ஒரு வாரம் கழித்து லோகநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய அழைப்பிதழ். ஏதோ பெண் கேட்டு வந்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"வாழ்த்துகள் சார். இந்தக் கோட்டத்துலயே உங்க போன்மேல மட்டுந்தான் ஒரு புகார் கூட வரலை. புகாரில்லாத சந்தாதாரர் விருது உங்களுக்குத்தான்."

கிறிஸ்துராஜ் அவரையே பார்த்தார். "போனே இல்லியே சார் வூட்ல. அதோ கெடக்குது பாருங்க பொணமாட்டம்."

"அதெல்லாம் மேடையில சொல்லாதீங்க. சால்வை, கேடயம், டிபன் எல்லாம் உண்டு. வீட்டம்மாவையும் கூட்டி வாங்க."

ஞானசௌந்தரி கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். "அங்க வந்தா எங்க போனு சரியாவுமா சார்?"

"டில்லிலேர்ந்து இலாகாப் பெரியவர் வர்றார்மா. காதுல போட்டு வைங்க."

அதற்காகத்தான் போனார்கள். சால்வைக்காக இல்லை, டிபனுக்காக இல்லை.

அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம். உள்ளே சந்தாதாரர்கள் நிரம்பி வழிந்தார்கள். வராவிட்டால் போன் என்ன ஆகும் என்று யாரும் யாரையும் மிரட்டவில்லை. மிரட்டாமலே எல்லோருக்கும் புரிந்திருந்தது. சுலைமான் கூட முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துராஜைப் பார்த்ததும் இரண்டு நாற்காலி தள்ளிப் போனார்.

மேடை நடுவில் பட்டுத்துணி விரித்த பீடம். பீடத்தின்மேல் புத்தம்புது சிவப்புப் போன். அதற்கு ரோஜா மாலை, சந்தனம், குங்குமம். பெரியவர் அந்தப் போனில் டில்லியைக் கூப்பிட்டு விழாவைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. டில்லியின் குரல் சபை முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகப் போனுக்கு முன்னால் ஒரு மைக்கையும் நட்டிருந்தார்கள்.

முதல் நிகழ்ச்சி வரலாறு. கணக்குப் பிரிவு வேலுசாமி, ஒட்டுமீசையும் ஜரிகைத் தலைப்பாகையுமாக அரசத் தூதன் வேடத்தில் ஓடி வந்து ஓலையைப் பிரித்தார். அதில் வரவேற்புரை இருந்தது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்ததால் படிக்க முடியவில்லை. மூன்று தரம் வணங்கிவிட்டு ஓலையோடு திரும்பி ஓடினார். அடுத்து, பூந்தமல்லியிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த புறாக்களைப் பெரியவர் பறக்கவிட்டார். அவை வாசல் பக்கம் போகாமல் நேராக மின்விசிறியை நோக்கிப் பறந்தன. பதறிப்போய் விசிறிகளை நிறுத்தினார்கள். புறாக்கள் ஆளுக்கொரு இறக்கையில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டன. அதற்கப்புறம் விழா முடியும் வரை விசிறி இல்லை. டில்லிப் பெரியவர் கோட்டுக்குள் வெந்து, மெல்லக் கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

கிறிஸ்துராஜ் எழுந்து பக்கவாட்டுக் கதவுக்குப் போனார். அங்கே லைன்மேன் கஜபதி கால்மேல் கால் போட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"கஜபதி, பெரியவர் கண்ண மூடிகினாரு. நீயாவது சொல்லுப்பா. என் லைன எப்ப சரி பண்ணுவீங்க?"

"இன்னா நைனா, ஆளு புரியாம பேசுற? உன் நம்பர்தான் ஸ்டேஜ்ல கீது."

"இன்னாது?"

"அந்தச் செவப்புப் போனு. விழா நடுவுல எவனும் கூப்ட்டுத் தொந்தரவு பண்ணாத நம்பரா ஒண்ணு பாருன்னாரு ஆபீசரு. உன் நம்பர் ரெண்டு மாசமா அசைஞ்சு கூடக் குடுக்கல. சொகமா தூங்கிகினு இருந்துச்சு. காலைல அத்தத் தூக்கி இங்க மாட்டிட்டேன்." கஜபதி பீடியை மிதித்து அணைத்தார். "உன் ஊட்டுக்கு வர்ற ஒயர்லதான் கோளாறு. ஆபீசாண்ட உன் நம்பர் கல்லு மாதிரி கீது."

கிறிஸ்துராஜ் மேடையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப... இத்தினி நாளா எம் புள்ள கூப்ட்டிருந்தா?"

"அவனுக்கு ரிங்கு போறது கேட்டுகினேதான் இருந்திருக்கும். உன் ஊட்ல அடிச்சிருக்காது. யாரும் எடுக்கலன்னு வெச்சிருப்பான்."

"இப்பக் கூப்ட்டா?"

"ஸ்டேஜ்லதான் அடிக்கும்" என்றார் கஜபதி. "ஒரு டீக்குத் துட்டு குடு நைனா, வாயெல்லாம் வறளுது."

கிறிஸ்துராஜ் நாற்காலிக்கு வந்து மனைவி காதில் சொன்னார். அதற்குப் பிறகு அவள் மேடையில் அந்தப் போனைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பக்தவத்சலம் மைக் முன் வந்தார். ஓலை, புறா, புகை என்று அவர் வரலாற்றை நிதானமாகக் கடந்து வந்தார். தேசம் அடிமைப்பட்டிருந்தது தகவல் தொடர்பு இல்லாததால் என்றார். விடுதலை பெற்றது தகவல் தொடர்பால் என்றார். தமிழன் பண்பாடு உலகெங்கும் பரவியதில் இந்தக் கோட்டத்தின் பங்கு சிறியதல்ல என்றார்.

"சிலர் கேட்கிறார்கள், மனுக் கொடுத்துப் பத்தாண்டு காத்திருக்க வேண்டுமா என்று. அன்பர்களே! காத்திருப்பது நம் பண்பாடு. தவமிருந்தவனுக்கு வரம் கிடைத்தது. தவமே இல்லாமல் வரம் கொடுத்தால் மக்கள் கெட்டுப்போக மாட்டார்களா? சிலர் கேட்கிறார்கள், போன் வேலை செய்யவில்லையே என்று. போன் வேலை செய்யாதபோதுதான் மனிதன் பக்கத்து வீட்டுக்குப் போகிறான். அண்டை அயல் உறவு வளர்கிறது. இதுவும் இலாகாவின் தொண்டுதான். அதை யாரும் பேசுவதில்லை!"

லோகநாதன் முதலில் கைதட்டினார். பிறகு ஊழியர்கள் தட்டினார்கள். சந்தாதாரர்கள் போனை நினைத்துக்கொண்டு தட்டினார்கள்.

"ஒரு மணியோசை! அது வெறும் ஓசையா? ஒரு தாயின் காத்திருப்பு அதில் இருக்கிறது. கடல் கடந்த ஒரு மகனின் குரல் அதில்..."

அப்போது பீடத்தின்மேல் இருந்த போன் அடித்தது.

பக்தவத்சலம் லோகநாதனைப் பார்த்தார். லோகநாதன் உதட்டைப் பிதுக்கினார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. பக்தவத்சலம் மாலையை விலக்கி, சபையைப் பார்த்துச் சிரித்தபடி ரிசீவரை எடுத்து மைக் பக்கம் நீட்டினார்.

கரகரவென்று ஒரு குரல் மண்டபம் முழுக்க விழுந்தது.

"அப்பா? அப்பாவா? நாந்தாம்பா சத்தியா. குவைத்லேர்ந்து தப்பிச்சு வந்து ஜோர்டான்ல கீறேன். எத்தினி வாட்டி அடிச்சேன், ஊட்ல யாருமே எடுக்கல... அம்மா நல்லா கீதா? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ராங் நம்பர்" என்றார் பக்தவத்சலம் கண்டிப்பான குரலில். "இங்கே தகவல் தொடர்பு வார விழா நடக்குது. லைனை அநாவசியமா உபயோகிக்காதீங்க." ரிசீவரை வைத்தார். "பார்த்தீர்களா அன்பர்களே, பொறுப்பில்லாத சிலர் இந்த மகத்தான சாதனத்தை எப்படிப் பாழாக்குகிறார்கள் என்று!"

கைதட்டல் கிளம்பியது. அதை அறுத்துக்கொண்டு ஒரு அலறல் வந்தது. ஞானசௌந்தரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"அடப்பாவி! அது எம் புள்ள!"

கிறிஸ்துராஜ் மேடைக்கு எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. இருபத்தைந்து வருஷம் லேத் பிடித்த கை அந்தப் போன்மேல் விழுந்து அப்படியே நின்றுவிட்டது. ஞானசௌந்தரி படியேறி வந்து பீடத்துக்கு முன்னால் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

பக்தவத்சலம் திகைத்தது ஒரு நொடிதான். அதற்குள் விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மைக்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"அன்பர்களே! இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த மகனை இதோ இந்த மேடையிலேயே பெற்றோரோடு சேர்த்து வைத்திருக்கிறது நம் இலாகா! வரலாறு என்றால் இதுதான் வரலாறு! புகாரில்லாத சந்தாதாரர் கிறிஸ்துராஜ் இப்போது நன்றி கூறுவார்."

கிறிஸ்துராஜ் போன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"சரி, அப்புறம் பேசுங்க" என்றார் லோகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு. "கையை எடுங்க சார். பெரியவர் டில்லிக்குப் பேசணும். முகூர்த்தம் தப்புது."

"எம் புள்ள திரும்பக் கூப்டுவான். அதுவரைக்கும் எவனும் இத்தத் தொடக் கூடாது."

"இது இலாகா சொத்து!"

"நம்பரு என்னுது."

"விருதை ரத்து பண்ணிடுவோம்."

"அத்த எடுத்துகினு போயி உன் மேஜைமேல ஆறு போனோட ஏழாவதா வெச்சுக்க."

டில்லிப் பெரியவர் விழித்துக்கொண்டு, டில்லி கிடைத்துவிட்டதா என்று இந்தியில் கேட்டார். பக்தவத்சலம் நிலைமையைச் சமாளிக்க, காத்திருப்பின் பெருமை பற்றி மறுபடி ஆரம்பித்தார்.

"யோவ், மைக்க நிறுத்துய்யா!" கீழேயிருந்து சுலைமான் எழுந்தார். "புள்ள கூப்டப்போற நேரம். மனுஷனா நீ?"

"நிறுத்து, நிறுத்து" என்று பின்வரிசைகளும் எழுந்தன. பால் டிப்போக்காரர் எழுந்தார். அரிசி மண்டிக்காரர் எழுந்தார். போனை நினைத்து இவ்வளவு நேரம் கைதட்டிய கூட்டம் அது. இப்போது அதற்குப் போன் நினைவு வரவில்லை. யாரோ போய் ஒலிபெருக்கி ஒயரையே பிடுங்கிவிட்டார்கள்.

மண்டபத்தில் சத்தம் அடங்கியது. விசிறி ஓடாததால் வியர்வை சொட்டுவது கூடக் கேட்கும் போலிருந்தது. அத்தனை பேரும் மாலை போட்ட ஒரு சிவப்புப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜோர்டானில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களோ, வரிசையின் கடைசிக்குப் போய் அவன் மறுபடி நிற்க வேண்டுமோ, கையில் காசு இருக்குமோ இருக்காதோ என்று கிறிஸ்துராஜ் நினைத்துக்கொண்டார். ராங் நம்பர் என்று சொன்ன பிறகும் ஒரு பிள்ளை அதே நம்பரைத் திரும்பச் சுற்றுவானா? அந்த நினைப்பு வந்ததும் அவர் இன்னொரு கையையும் போன்மேல் வைத்தார். ஞானசௌந்தரி அண்ணாந்து அவரைப் பார்த்தாள். "கூப்டுவான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பக்தவத்சலத்துக்கு மௌனம் பழக்கமில்லை. நிலைகொள்ளாமல் கிறிஸ்துராஜ் பக்கத்தில் வந்து குனிந்தார். "சார், ஒரே ஒரு வேண்டுகோள். பேசும்போது முதல் வாக்கியமா இலாகாவுக்கு நன்றின்னு சொல்லிடுங்க. பத்திரிகைக்காரங்க இருக்காங்க."

போன் அடித்தது.

கிறிஸ்துராஜ் எடுத்தார். ஞானசௌந்தரி எழுந்து வந்து ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டினாள்.

"அப்பா?"

"நாந்தாண்டா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "நாளைக்குப் பம்பாய் பிளேன்ல சீட்டு போட்டுட்டாங்கப்பா. கூடாரத்துல கீறோம். ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. மொதல்ல அடிச்சப்போ யாரோ எடுத்து இன்னாமோ விழான்னு..."

"சாப்டியா?" என்றாள் ஞானசௌந்தரி.

"நீ சாப்டியாம்மா?"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நன்றி, நன்றி" என்று பக்தவத்சலம் கிறிஸ்துராஜின் தோளுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். "இலாகாவுக்கு நன்றி. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சார்."

"யாருப்பா அது பக்கத்துல பேசறது?" என்று கேட்டான் மகன்.

கிறிஸ்துராஜ் திரும்பிப் பார்த்தார். பக்தவத்சலம் சால்வையை விரித்துப் பிடித்தபடி, போட்டோவுக்குத் தயாராகச் சிரித்துக்கொண்டு நின்றார். கிறிஸ்துராஜ் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"யாருமில்லடா" என்றார். "நீ பேசு."